பிசிறு

பாபினுக்கு மழைச்சட்டை தைக்க அளவெடுக்கும்போதுதான் மாஸ்டரின் கையில் அந்தக் கட்டி தட்டுப்பட்டது. நெஞ்சைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தவர் இடது விலாப் பக்கம் வந்ததும் நின்றார். டேப்பைத் தளர்த்தி மறுபடி சுற்றினார்.

"ஒரு இடத்துல ஏறி இறங்குதே" என்றார்.

"தின்னுதின்னு தொப்பை போட்டிருக்கும் மாஸ்டர்" என்றேன். டீ டம்ளரோடு அவர் கடை வாசலில் நின்றிருந்தேன். என்னை எதைக் கேட்டாலும் ஒரு பதில் தயாராக இருக்கும். அது சரியாகவும் இருக்கும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

"தொப்பை வயித்துல போடும். இது விலாவுல இருக்கு."

அக்கா மடியிலிருந்த சட்டையை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். குனிந்து பாபினின் ரோமத்தை விலக்கி விரலால் அழுத்திப் பார்த்தாள். பாபின் அளவெடுக்க நிற்கும் வாடிக்கையாளரைப் போலத் தலையை நிமிர்த்தி அசையாமல் நின்றது. இத்தனை வருஷம் கடையில் பார்த்துப் பழகிய நிற்பு அது.

"உருண்டையா இருக்குங்க. எலுமிச்சம்பழக் கணக்கா" என்றாள் அக்கா. மாஸ்டர் அளவைக் குறிக்காமலேயே டேப்பைச் சுருட்டினார்.

என்னுடையது ஜெராக்ஸ் கடை. மாஸ்டரின் தையல் கடைக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். பகல் முழுக்க அவர்கள் வேலை என் சுவரில் கேட்டுக்கொண்டிருக்கும். மாஸ்டர் தைத்தால் மிஷின் ஒரே சீராக நீளமாக ஓடி நிற்கும். துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் அக்காவின் தம்பி. அவன் வேலையைவிடப் பாட்டுதான் அதிகம் கேட்கும். அக்காவுக்கு மட்டும் மிஷின் கிடையாது. மாஸ்டரின் மனைவி அவள், தெருவுக்கே அக்கா. வெளிச்சம் விழுகிற வாசல் ஓரம் முக்காலி போட்டு உட்கார்ந்து கடைசிக் கைவேலையெல்லாம் அவள்தான் பார்ப்பாள். பட்டன் வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது, எல்லாம் முடிந்தபின் நூல் பிசிறு வெட்டுவது.

பிசிறு விஷயத்தில் மாஸ்டர் பொல்லாதவர். தையல் முடிகிற இடத்தில் ஒரு நூல் தலைநீட்டிக்கொண்டிருந்தாலும் சட்டையை அப்படியே திருப்பி எறிவார். "நூல் தொங்கினா வேலை முடியலைன்னு அர்த்தம்" என்பார். கல்யாணமான புதிதில் அக்கா இதற்காக அழுதிருக்கிறாளாம். இப்போது அவள் பார்ப்பதே இல்லை. வலது கையில் சின்ன நூல்கத்தரி, இடது கையில் சட்டை. வாய் என்னோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். கை தானாகச் சட்டையைத் திருப்பித் திருப்பி, எங்கே நூல் தட்டுப்படுகிறதோ அங்கே வெட்டிக்கொண்டு போகும். முடிந்ததும் சட்டையை இரண்டு தட்டுத் தட்டி, "இந்தாங்க, ஆச்சு" என்று நீட்டுவாள். மாஸ்டர் இரண்டு கையையும் நீட்டி வாங்கி இஸ்திரி மேஜையில் போடுவார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த "இந்தாங்க, ஆச்சு" என் காதில் விழும் என்பதற்குக் கணக்கில்லை.

பாபின் வந்தது வெட்டுத்துணி மூட்டைக்குள்ளிருந்து. ஒரு நாள் காலையில் மூட்டையைப் பிரித்தால் உள்ளே ஒரு நாய்க்குட்டி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. "நூல் சுத்தின பாபின் மாதிரியே இருக்கு பாரு" என்றான் தம்பி. பெயர் நிலைத்துவிட்டது. குழந்தை இல்லாத வீட்டில் அது ராணியாக வளர்ந்தது. கட்டிங் மேஜைக்கு அடியில் அதற்கென்று ஓர் இடம். அங்கிருந்தபடியே வருகிறவர் போகிறவரின் செருப்பையெல்லாம் தணிக்கை செய்யும்.

போன வருஷம் மூக்கில் முதலில் பொருக்கு தட்டியது. பிறகு காது ஓரம், பிறகு கால் பாதம். வெயிலில் போனால் இன்னும் மோசமானது. சொறி என்று சொல்லி என்னென்னவோ எண்ணெய் தடவினார்கள். அதில் பாதி என் யோசனை. கடைசியில் கால்நடை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனபோது அவர் தோலில் துளி வெட்டி சோதனைக்கு அனுப்பி, முடிவு வந்ததும் விஷயத்தைச் சொன்னார்.

"உடம்பைக் காக்கிற சக்தின்னு ஒண்ணு இருக்குல்ல, அதுக்கு வந்த கிறுக்கு இது. வெளியேருந்து வர்ற கிருமியை அடிக்க வேண்டியது, சொந்தத் தோலையே எதிரின்னு நினைச்சு அடிக்குது. வாட்ச்மேன் வீட்டுக்காரரையே திருடன்னு நினைச்சு மொத்துற மாதிரி."

"அப்ப வாட்ச்மேனை வேலையை விட்டுத் தூக்கிட வேண்டியதுதானே" என்றான் தம்பி.

"தூக்கிட்டா நிஜத் திருடன் வருவானே. அரைத்தூக்கத்துல வச்சிருக்கணும். அதுக்குத்தான் இந்த மாத்திரை. ஆயுசுக்கும் போடணும்."

மாத்திரை வேலை செய்தது. மூக்கு ஆறியது. ஆனால் அந்த மாத்திரைக்கு ஒரு குணம், அகோரப் பசி எடுக்கும். பாபின் ரொட்டியைத் தின்றது, சாக்பீஸைத் தின்றது, ஒரு தடவை டேப்பையே கடித்துத் தின்றது. வாளி வாளியாகத் தண்ணீர் குடித்துவிட்டு மணிக்கொருதரம் வெளியே போக வேண்டுமென்று நிற்கும். வெயில் படக்கூடாது என்பதால் மாஸ்டர் யூனிஃபார்ம் துணியில் அதற்கு ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தார். நீலக்கட்டம் போட்ட சட்டையில் அது தெருவில் போனால் பிள்ளைகள் "எந்த ஸ்கூல்?" என்று கேட்பார்கள். "எந்த ஸ்கூல்லயும் சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க" என்பார் மாஸ்டர். அந்தத் தொல்லைகளோடு அவர்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். அப்போதுதான் கட்டி வந்தது.

"எடுத்துடறது நல்லது" என்றார் டாக்டரம்மா. "வளருது. விட்டா உள்ளே பரவலாம். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. அந்த மாத்திரை இருந்தா புண் ஆறாது, தையல் பிடிக்காது. மாத்திரையை நிறுத்தினா மூக்கு திரும்ப வெடிக்கும். சட்டுன்னு நிறுத்தினா ஆளையே சாய்ச்சிடும். அதனால கொஞ்சங்கொஞ்சமா குறைச்சு, ஆபரேஷன் பண்ணி, தோல் ஒட்டற வரைக்கும் அப்படியே ஓட்டணும். கட்டியை எடுக்கறது எனக்குப் பெரிசில்லை. தோல் ஒட்டணும். அதுதான் கவலை."

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் சத்தத்துக்குப் பதில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஒட்டுக்கேட்க எனக்குப் பிடிக்காது. அதனால் நேராகவே போய் உட்கார்ந்துகொண்டேன்.

"இப்ப அது நல்லாத்தானே ஓடியாடிட்டு இருக்கு. எதுக்குக் கத்தி?" என்றார் மாஸ்டர்.

"நல்லாயிருக்கும்போதுதாங்க பண்ணணும். படுத்துட்ட பிறகு யார் பண்ணுவா?"

"ஒட்டலைன்னா என்ன பண்ணுவே? திறந்த புண்ணோட கிடக்கும்."

"பண்ணாம விட்டா கட்டியோட கிடக்கும்."

"நீ சொல்லுவே. கையில வச்சு மாத்திரையைக் குறைச்சுக் குறைச்சுக் கொடுத்து, அது மூக்கு வெடிக்கிறதைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கணும். என்னால முடியாது."

"நீங்க கொடுக்க வேணாம். நான் கொடுக்கிறேன்" என்றாள் அக்கா. "நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கீழே கிடந்த நூல்கண்டைப் பொறுக்கி மேஜையில் வைத்தேன். பாபின் மேஜைக்கு அடியிலிருந்து எழுந்து வந்து, பேச்சு முடிந்தால் ரொட்டி வருமா என்று பார்த்தது.

மாத்திரை குறையக் குறைய டாக்டரம்மா சொன்னது அப்படியே நடந்தது. மூக்கில் பொருக்கு திரும்ப வந்தது, காது ஓரம் சிவந்தது. பாதம் வலித்ததால் நொண்டி நொண்டி நடந்தது. அக்கா காலையும் மாலையும் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுத்து மருந்து தடவினாள். மாஸ்டர் நிஜமாகவே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, வெட்ட வேண்டியதில்லாத துணியையெல்லாம் வெட்டினார். பசியும் அடங்கிவிட்டது. ஒரு நாள் பாபின் ரொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. எல்லா நாய்களும் செய்கிற காரியம்தான். அதற்கே அக்கா பயந்துபோய் டாக்டரம்மாவுக்குப் போன் செய்துவிட்டாள்.

ஆபரேஷன் அன்று கடையைச் சாத்திவிட்டு மூன்று பேரும் கிளம்பினார்கள். பள்ளிக்கூடம் திறக்கப்போகிற சமயம், மேஜை நிறைய வெட்டிப்போட்ட யூனிஃபார்ம். அந்த நேரத்தில் மாஸ்டர் கடையைச் சாத்தி நான் பார்த்ததில்லை. எனக்கும் கடையில் இருப்புக் கொள்ளவில்லை, வண்டியில் ஏறிக்கொண்டேன்.

உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் மாஸ்டர் டாக்டரம்மாவை நிறுத்தினார்.

"எப்படி வெட்டுவீங்க?"

"கட்டியை மட்டும் வெட்ட மாட்டோம். சுத்தி ரெண்டு விரல் அகலம் நல்ல தோலையும் சேர்த்து எடுப்போம்."

"தையலுக்கு ஓரம் விட்டு வெட்டற மாதிரி."

"ஆமா. அப்படித்தான்."

"ஓட்டுத்தையலா போடுவீங்களா?"

"உள்ளே அப்படிப் போடுவேன். வெளியே தனித்தனி முடிச்சு. ஓட்டுத்தையல்ல ஒரு இடம் அறுந்தா வரிசையே பிரிஞ்சிடும்ல."

மாஸ்டர் தலையாட்டினார். அவர் ஒருவரின் தொழிலை ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் அது. பிறகு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அக்கா பாபினின் கழுத்துப்பட்டையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி பாடவில்லை. வெளியே மழை பெய்தது. கதவு திறந்து, டாக்டரம்மா முகமூடியைக் கழற்றிச் சிரித்தபோதுதான் அந்தக் கழுத்துப்பட்டை அக்காவின் உள்ளங்கையில் பதிந்து கோடு விழுந்திருப்பதைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் தையலை மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தான் விழுந்திருக்கு, ஒரே இடைவெளி. ஆனா பிசிறு வெட்டாம விட்டிருக்காங்க. ஒவ்வொண்ணும் மீசை மாதிரி நிக்குது."

"அது வழுக்குற நூலாம் மாமா. ஒட்ட வெட்டினா முடிச்சு நழுவிடுமாம். நான் கேட்டுட்டேன்" என்றான் தம்பி.

"அப்படின்னா சரி" என்றார் மாஸ்டர். ஆனாலும் அவருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது, முகத்தில் தெரிந்தது.

நக்கிவிடாமல் இருக்கக் கழுத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக் கூம்பைக் கொடுத்திருந்தார்கள். அதை மாட்டினால் பாபின் எல்லா நாற்காலியிலும் முட்டிக்கொண்டு அவமானப்பட்டு நின்றது. மாஸ்டர் அதை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு, காயத்தை மூடுகிற மாதிரி, முதுகுப் பக்கம் பட்டன் வைத்து, நீலக்கட்டத்தில் இன்னொரு சட்டை தைத்தார். நாய்க்கு எட்டாத இடத்தில் பட்டன். காயம் உரசாமல் இருக்க உள்ளே மெல்லிய பழைய வேட்டித் துணி. அளவெடுத்தபோது கட்டி இருந்த இடத்தில் டேப் ஏறி இறங்காமல் போனது. அவர் அதே இடத்தில் இரண்டாவது தடவையும் சுற்றிப் பார்த்ததை நான் பார்க்காதது போல இருந்தேன்.

தினமும் மத்தியானம் அக்கா பட்டனைக் கழற்றிக் காயத்தைப் பார்க்க வேண்டும், சிவப்பு இருக்கிறதா, நீர் வடிகிறதா என்று. பாபினுக்கும் அந்த நேரம் தெரிந்துவிட்டது. தானாகவே வந்து அக்காவின் மடியில் முன்பாதி உடம்பைப் போட்டுக்கொள்ளும்.

அன்றும் அப்படித்தான். மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. யூனிஃபார்ம் மறுநாள் போயாக வேண்டும். சட்டைகள் அக்காவைச் சுற்றி மலையாகக் கிடந்தன. என் கடையில் ஃபியூஸ் போயிருந்ததால் நான் இங்கே வந்து உட்கார்ந்து, எதிர்வீட்டுக் கல்யாணப் பேச்சு முறிந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு சட்டையை முடித்து நீட்டினாள். அடுத்ததை எடுத்தாள். பாபின் வந்து மடியில் ஏறியது. அக்கா அதன் பட்டன்களைக் கழற்றிக் காயத்தைப் பார்த்தாள்.

"அப்புறம் மாப்பிள்ளை வீட்டுல என்ன சொன்னாங்களாம்?" என்று கேட்டாள்.

"பொண்ணு குரல் பெரிசா இருக்காம்."

"அவங்க அம்மா குரலை அவங்க கேட்டதே இல்லையாக்கும்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவள் கை வேலை செய்துகொண்டிருந்தது. கிளுக், கிளுக் என்று சின்னச் சத்தம். எத்தனையோ வருஷமாகக் கேட்டுப் பழகிய சத்தம், என் காதுக்கும் அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

அக்காவின் மடியில் வெள்ளை நூல் பிசிறுகள் கிடந்தன. அவற்றுக்கு நடுவே கருநீலமாக, விறைப்பாக ஒன்று கிடந்தது. அவள்தான் முதலில் பார்த்தாள். அதை எடுத்து விரலில் உருட்டினாள். அது வளையவில்லை. அவள் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று.

"என்னங்க" என்றாள். அவ்வளவுதான். அந்தக் குரலுக்கு இரண்டு மிஷினும் நின்றன.

மாஸ்டர் வந்து பார்த்தார். தம்பி வந்து பார்த்தான். பாபின் எல்லாரும் தன்னையே பார்ப்பதில் மகிழ்ந்து வாலை ஆட்டியது.

"எத்தனை வெட்டினேன்னு தெரியலைங்க. எனக்குத் தெரியும்ங்க, வெட்டக்கூடாதுன்னு. கைக்குத் தெரியலை."

நூல்கத்தரியை அவள் வாசலைப் பார்த்து வீசினாள். அது மழையில் போய் விழுந்தது. பிறகு நாங்கள் எல்லாரும் தரையில் மண்டியிட்டு, காலையிலிருந்து சேர்ந்த நூல் குப்பையை அள்ளிப் பரப்பி, வெள்ளைக்கு நடுவே நீலத்தைத் தேடினோம். மாஸ்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு ஒவ்வொரு பிசிறாக நகர்த்தினார். எங்களோடு சேர்ந்து பாபினும் முகர்ந்து தேடியது. கொஞ்ச நேரத்தில் ஆறு துண்டு கிடைத்தது. முடிச்சுக்கு இரண்டு மீசை, அதாவது மூன்று முடிச்சு. காயத்தை வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்று மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. மற்ற இரண்டும் நழுவி, நூல் பாதி வெளியே வந்திருந்தது. அதுவும் காயத்தின் நட்டநடுவில்.

"நான்தான் ஆபரேஷன் பண்ணணும்னு நின்னேன். நானே பிரிச்சுட்டேன்" என்றாள் அக்கா. அழவில்லை. மரத்துப்போன குரலில் சொன்னாள். "திட்டுங்க."

மாஸ்டர் பாபினுக்குப் பட்டன்களைப் போட்டுவிட்டார். அன்று ஒரு பட்டன் துளைக்குள் போக நேரமாயிற்று.

"பிசிறு பிசிறுன்னு இத்தனை வருஷம் கத்தினது யாரு? நான்தானே" என்றார். "உன் கை என் பேச்சைத்தான் கேட்டிருக்கு. எழுந்திரு, போலாம்."

துணி மூட்டை கொண்டுபோகும் தள்ளுவண்டியில் பாபினைப் படுக்கவைத்து, மேலே மழைக்குப் பிளாஸ்டிக் விரிப்பைப் பிடித்துக்கொண்டு போனோம். தம்பி தள்ளினான். மாஸ்டர் ஒரு முனை, நான் ஒரு முனை. அக்கா விரிப்புக்கு வெளியே நனைந்துகொண்டே, ஒரு கையை உள்ளே விட்டு அதன் தலையில் வைத்தபடி நடந்தாள். விரிப்புக்கு உள்ளே வரச் சொன்னேன். அவள் காதில் அது விழவே இல்லை.

டாக்டரம்மா கதையைக் கேட்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது, அக்காவுக்குத் தெரியவில்லை. விளக்கை இழுத்துக் குனிந்து பார்த்தார். நழுவிய நூல் இரண்டையும் உருவி எடுத்தார். பிறகு காயத்துக்கு இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல் வைத்து மெதுவாக விலக்கினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டரம்மா இன்னும் கொஞ்சம் அழுத்தி விலக்கினார். பிறகு நிமிர்ந்தார். இப்போது அவர் சிரிப்பை அடக்கவில்லை.

"கண்ணைத் திறங்க. வந்து பாருங்க."

நூலே இல்லாத இடத்தில் தோல் சேர்ந்து நின்றிருந்தது. மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு, அவ்வளவுதான்.

"இது ஒட்டுமா ஒட்டாதான்னு நான் தினம் பயந்துட்டிருந்தேன். மாத்திரை தின்ன உடம்பு, இன்னும் ரெண்டு வாரமாவது ஆகும்னு நினைச்சேன். தையலை எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வந்திருக்காது. நீங்க பார்த்துட்டீங்க."

"ஒட்டிடுச்சா?" என்றாள் அக்கா.

"ஒட்டிடுச்சும்மா. இனிமே மாத்திரையைக் கூட்டிடலாம். இன்னைக்கே கூட்டுங்க. அதோட மூக்கைப் பார்க்கச் சகிக்கலை."

அப்போதுதான் அக்கா அழுதாள், சத்தமாக, வெட்கமில்லாமல். மாஸ்டர் ஜன்னல் பக்கம் போய் மழை விட்டுவிட்டதா என்று பார்த்தார். மழை விடவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தள்ளுவண்டியில் திரும்பி வரும்போது தம்பிக்குப் பாட்டு வந்துவிட்டது. கேட்க முடியாத குரல்தான், ஆனால் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

நடுவில் ஒட்டுப்பட்டை போட்டு, மிச்சத் தையலைக் கொஞ்ச நாள் விட்டுவைத்தார்கள். அந்த நாட்களில் பாபின் மடிக்கு வந்தால் அக்கா முதலில், மழையிலிருந்து மீட்டெடுத்த நூல்கத்தரியை மாஸ்டரிடம் நீட்டிக் கொடுத்துவிடுவாள். அவர் அதை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டுவார். பிறகுதான் பட்டனைக் கழற்றுவாள். மாத்திரை கூடிய நாலாம் நாளே பாபினின் பசி திரும்பியது. ஒரு சாக்பீஸ் காணாமல் போனபோது வீடே சந்தோஷப்பட்டது.

தையல் எடுக்கும் நாளன்று நானும் போனேன். வெட்டியெடுத்த கட்டியின் ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறது, எதுவும் மிச்சமில்லை என்று சோதனையில் வந்திருப்பதாக டாக்டரம்மா சொன்னார். "தையலுக்கு நிறையத்தான் விட்டிருக்கீங்க" என்றார் மாஸ்டர். பாபினை மேஜையில் ஏற்றினோம். மூக்கு ஆறி, ஏறக்குறைய பழைய கறுப்புக்கு வந்துவிட்டிருந்தது. டாக்டரம்மா சின்னக் கத்தரியை எடுத்தவர், அதைக் கழுவித் துடைத்து அக்காவிடம் நீட்டினார்.

"மிச்சத்தை நீங்களே வெட்டுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

"வேணாம் டாக்டர். என் கையை நம்பாதீங்க."

"உங்க கை மாதிரி கை இந்த ஊர்ல யாருக்கு இருக்கு? முடிச்சுக்குக் கீழே, ஒரே ஒரு நூல். அவ்வளவுதான்."

அக்கா மாஸ்டரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். அவள் கத்தரியை வாங்கினாள். பார்க்காமலேயே ஆயிரம் சட்டைக்கு வெட்டுகிற கை, கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டே ஒரு முடிச்சுக்கு வெட்ட, கத்தரியை வைத்து வைத்து எடுத்தது. கிளுக். நீல நூல் வந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. போகப் போகக் கை பழைய கையாயிற்று. கடைசி நூலை உருவி எடுத்துத் தட்டில் போட்டாள்.

பிறகு அவள் உள்ளங்கை பாபினின் விலாவில் இரண்டு தட்டுத் தட்டியது.

"இந்தாங்க, ஆச்சு" என்றாள்.

மாஸ்டர் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.